பொள்ளாச்சி வருவதற்குள்

மாப்பிள்ளை வண்டி ஓட்டக் கூடாதாம். ஓட்டிக்கொண்டு போய் வாசலில் இறங்கினால் பெண் வீட்டுக்காரர்கள் டிரைவர் என்று நினைத்துவிடுவார்களாம். நேற்றுச் சாயங்காலம் சாந்தாமணியம்மா இப்படி ஒரு சட்டத்தைப் போட்டதும், அவர் பெற்ற பிள்ளை சம்பத், டிரைவிங் ஸ்கூல் வைத்து கணபதி ஏரியாவில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவன், அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேச வேண்டாமோ, பேசவில்லை. சுகந்தியைத் திரும்பிப் பார்த்து, "அப்ப நீ ஓட்டீரு" என்றான். அவ்வளவுதான். அப்ப நீ ஓட்டீரு. குழம்பில் உப்புக் கம்மி, கொஞ்சம் போட்டுரு என்பது போல. அவளும் மண்டையை மண்டையை ஆட்டினாள். ஆட்டாமல் இருக்கத் தெரிந்திருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நிம்மதியாகத் துணி துவைத்துக்கொண்டிருக்கலாம். இப்போது உக்கடம் மேம்பாலம் இறங்கி, பொள்ளாச்சி ரோட்டில், மனசுக்குப் பிடித்தவனை இன்னொருத்தியைப் பெண் பார்ப்பதற்கு அவளே கூட்டிக்கொண்டு போகிறாள், ரெண்டு கையும் ஸ்டீரிங்கில், இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, கற்றுக்கொடுத்தபடி ஒழுங்காக. உலகத்தில் எந்தப் பொம்பளைக்காவது இப்படி ஒரு கெரகம் வாய்த்திருக்குமா? பின் சீட்டில் சாந்தாமணியம்மா, மடியில் ஆப்பிளும் சாத்துக்குடியும் வெற்றிலைபாக்கும் வைத்த தட்டு. அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு சுகந்தியின் மகள் நித்திலா, இரண்டாம் வகுப்பு, பட்டுப்பாவாடை, ஓயாத வாய். பக்கத்து சீட்டில் சம்பத். சென்ட் அடித்திருக்கிறான். அந்த சென்ட்டை அவன் பிறந்தநாளுக்கு வாங்கிக்கொடுத்தவளும் அவள்தான். அடித்துக்கொள்ள இன்றைக்குத்தான் நாள் கிடைத்திருக்கிறது பாவிக்கு.

சொல்லிவிட வேண்டும். பொள்ளாச்சி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும். எனக்கு உங்களைப் பிடித்திருக்கிறது, இந்த வண்டியைத் திருப்பட்டுமா என்று கேட்டுவிட வேண்டும். கேட்பதில் என்ன கஷ்டம்? வாயைத் திறந்தால் வார்த்தை வரப்போகிறது. வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க வருகிறவன் போகிறவன் எல்லாரிடமும் பேசித்தானே பிழைப்பு ஓடுகிறது, நாடியை இதில் வையுங்க, நேராப் பாருங்க, இந்த எழுத்து தெரியுதுங்களா என்று தொண்டை வறளப் பேசுகிறவள்தானே. ஆனால் பின்னால் அவன் அம்மா உட்கார்ந்திருக்கிறார். சரி, அம்மா தூங்கட்டும். கார் ஏறினால் தூங்கிவிடுகிற மனுஷி. தூங்கினால் சொல்லிவிடலாம். தூங்கவில்லை. சுந்தராபுரம் சிக்னலில் நிற்கும்போது கண்ணாடியில் பார்த்தாள், கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருக்கிறார். மகனுக்குக் கல்யாணம் கூடிவரப் போகிறது என்ற சந்தோஷத்தில் எந்தத் தாய்க்குத் தூக்கம் வரும்? முன்னால் நிற்கிற டவுன் பஸ்ஸின் முதுகில் புகை, வெயில், பக்கத்தில் ஒரு பைக்காரன் கார் கூரையைப் பார்த்துச் சிரிக்கிறான். சிரிக்க மாட்டானா? கூரைமேல் 'சாந்தாமணி டிரைவிங் ஸ்கூல்' பலகை அப்படியே நிற்கிறது. கழட்டுடா கழட்டுடா என்று அம்மா முந்தாநாளிலிருந்து சொல்கிறார், நட்டு துருப்பிடித்துவிட்டது என்று அம்மாவின் பழைய துண்டைச் சுற்றி மூடியிருக்கிறான். துண்டு காற்றில் படபடவென்று அடிக்கிறது. முன்னும் பின்னும் சிவப்பாக எல் போர்டு வேறு. எல் போர்டு போட்ட வண்டியில், துண்டு கட்டின தலையோடு, பெண் பார்க்கப் போகிறார் துரை. இவனையா. போயும் போயும் இவனையா. ஆமாம், இவனைத்தான். அதுதானே வயிற்றெரிச்சல்.

"பச்சை விழுந்துருச்சு" என்றான் சம்பத். தெரிகிறது, கண் இருக்கிறது. ஊரார் கண்ணையே பார்த்துச் சொல்கிறவளுக்குப் பச்சை தெரியாதா? கியரைப் போட்டாள், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது, தட்டில் சாத்துக்குடி உருண்டது, "மெதுவா கண்ணு" என்றார் அம்மா. கண்ணு. அந்தக் கண்ணுதான் ஆளைக் கொல்கிறது. திட்டியிருந்தால் எவ்வளவோ சுலபம். ஏண்டி, புருசனை விட்டுட்டு வந்தவளுக்கு என்ற பையன்கூட என்னடி பேச்சு என்று ஒரு நாளாவது கேட்டிருந்தால், அந்தக் கோபத்திலேயே ஆமாங்க, அப்படித்தானுங்க என்று சொல்லிவிட்டிருப்பாள். இந்த அம்மா கேட்டதே இல்லை. கேட்காததற்குக் காரணமும் சுகந்திதான். அங்கேதான் எல்லாமே மாட்டிக்கொண்டு நிற்கிறது. காதுகுத்து. அந்தக் காதுகுத்தை நினைத்தாலே தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது, இப்போது முடியாது, கை ஸ்டீரிங்கில் இருக்கிறது. விவாகரத்து ஆகி, ஓசூரில் புருசனாக இருந்தவன் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு, இவள் குழந்தையோடு கணபதிக்கு வந்து, சம்பத் வீட்டு மாடியில் குடியேறி, அவனிடமே கார் ஓட்டப் படித்து, நட்பாகி, ஒருவர் வீட்டுச் சாம்பார் இன்னொருவர் வீட்டுக்குப் போய்வர ஆரம்பித்திருந்த சமயம். கோயிலில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய நித்தியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள், ஆசாரி ஊசியை வைத்துக்கொண்டு, "தாய்மாமன் யாருங்க, மடியில உக்கார வெய்ங்க" என்கிறார். தாய்மாமன்! இவள் ஒற்றைப் பிள்ளை. பெரியப்பா மகன் ஒருத்தன் வருகிறேன் என்று சொல்லி வராமல் போய்விட்டான், விவாகரத்துக்காரி வீட்டு விசேஷத்துக்கு வரக் கூடாதென்று அவன் பெண்டாட்டி சொல்லியிருப்பாள். நல்ல நேரம் முடியப்போகிறது, பின்னால் இன்னொரு வீட்டுக் குழந்தை அழுகிறது, ஆசாரி மறுபடி கேட்கிறார். சம்பத் ஓரமாகப் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டு நிற்கிறான். "அவருதானுங்க" என்று கையை நீட்டிவிட்டாள். பொங்கல் தின்ற கையைக் கழுவக்கூட விடவில்லை. உட்கார்ந்தான், குழந்தையை மடியில் வாங்கினான், நித்தி உதைத்த உதையில் அவன் கண்ணாடி பறந்துபோய் விழுந்தது, அப்படியும் பிடியை விடாமல் ஒன்றுமில்ல சாமி, ஒன்றுமில்ல சாமி என்றான். ஊசி ஏறியது. நித்திக்கு ரெண்டு காதில். சுகந்திக்கு இப்போது வரைக்கும்.

அன்றைக்கு எவ்வளவு வசதியாக இருந்தது! அதைச் சொல்ல வேண்டாமா? எதிர்வீட்டம்மாள், கீழ்வீட்டுக்காரரு எதுக்குங்க அடிக்கடி மாடி ஏறறாரு என்று இழுத்தபோது, அண்ணனுங்க, நித்திக்குத் தாய்மாமனுங்க என்று அடித்துவிட்டாள், அந்த அம்மாள் வாய் மூடியது. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கூட்டிப்போக வருவது யார், தாய்மாமன். கண்ணாடிக் கடை முதலாளி, அண்ணன் வந்திருக்காரும்மா. குடை மாதிரி இருந்தது அந்தச் சொல், எந்த மழையும் மேலே படாது. யாராவது மழையே வேண்டுமென்று ஒருநாள் நினைப்போம் என்று கண்டார்களா? வாய்க்கு வாய் அண்ணா, அண்ணா, சீ. இப்போது சில மாதமாக அந்த வார்த்தை நாக்கில் வர மாட்டேன் என்கிறது. பேர் சொல்லிக் கூப்பிடவும் முடியவில்லை, அவன் அம்மா பக்கத்திலேயே இருக்கிறார். ஏனுங், ஏனுங் என்று ஆரம்பித்துவிடுகிறாள். ஏனுங் என்று பெண்டாட்டிதானே கூப்பிடுவாள்? அதுகூட அந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. "ஏனுங், ஏசியக் கூட்டட்டுங்களா" என்றாள் இப்போது, சோதித்துப் பார்ப்பது போல. "கூட்டு" என்றான். கூட்டு. அவ்வளவுதான். ஏசியைக் கூட்டினாள்.

மலுமிச்சம்பட்டி தாண்டிவிட்டது. ஒத்தக்கால்மண்டபத்துக்குள் சொல்லிவிடலாம். முன்னால் ஒரு லாரி, தேங்காய் மட்டை ஏற்றிக்கொண்டு ஆடி ஆடிப் போகிறது. வலப்பக்கம் ஏறலாம், கண்ணாடியில் பின்னால் பார்த்தாள், வழி இருக்கிறது, மிதித்தாள், வண்டி அவள் சொன்னபடி கேட்காமல் தயங்கியது. அவன்! அவன் பக்கத்து பிரேக்கை மிதித்திருக்கிறான். சொல்லிக்கொடுக்கிறவர் பக்கத்திலும் பிரேக் வைத்த வண்டி இது, அந்தச் சனியன் பிடித்த ரெண்டாவது பிரேக்.

"எதுக்குங்க பிரேக் போடறீங்க?"

"லாரிக்காரன் திடீர்னு வலத்தால வந்துட்டான்னா?"

"எனக்குத் தெரியாதுங்களா? எத்தனை வருசமா ஓட்டறேன்?"

"கோவிச்சுக்காத. காலு தானா போகுது சுகந்தி, பழக்கம்."

பழக்கமாம். "மாமாவுக்கு எப்பவும் பயம்மா" என்றது பின்சீட்டிலிருந்து நித்தி, எல்லாம் தெரிந்த தோரணையில். பயமா, யாருக்கு? யாரைச் சொல்ல? இவள் ஒரு அடி முன்னால் வைத்தால் அவன் காலை வைக்கிறான், அவன் காலை எடுத்தால் இவள் நின்றுவிடுகிறாள். போட்டோவைக் காட்டின அன்றைக்கும் அதுதானே நடந்தது. அம்மா பெண்ணின் போட்டோவைக் காட்டினார், பேங்கில் வேலை, பொள்ளாச்சி, கிருத்திகா என்று பேர், ஜாதகம் ஒன்பது பொருத்தம். சம்பத் போட்டோவைப் பார்க்காமல் இவளைப் பார்த்தான். "நீ என்ன சொல்ற?" என்று கேட்டான். கேட்டானே! காதில் விழுந்ததே! அந்த ஒரு நொடியில் அவன் முகம் எப்படி இருந்தது என்று தினமும் நினைத்து நினைத்துப் பார்க்கிறாள், தேய்ந்தே போய்விட்டது அந்த முகம். வேண்டாம் என்று சொல் என்று கேட்டானா, இல்லை, பல் விளக்கிட்டயா என்பது போல சும்மா கேட்டானா? ஒரு நாள் அது தெரிகிறது, ஒரு நாள் இது தெரிகிறது. இவள் என்ன சொன்னாள்? "பொண்ணு லட்சணமா இருக்குதுங்க, போயிப் பாருங்க" என்றாள். நாக்கில் சூடு வைக்க வேண்டும். அதோடு விட்டாளா? அந்த நீலச் சட்டை வேண்டாம், இந்த மஞ்சள் கோடு போட்டது நல்லாருக்கும் என்று சட்டை வேறு எடுத்துக்கொடுத்தாள். இப்போது பக்கத்தில் மஞ்சள் கோடு உட்கார்ந்திருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது, எரிகிறது.

எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் தேதி சொல்ல முடியாது, ஆனால் எப்போது தெரிந்தது என்று தெரியும். கடைக்கு வந்தான் கண் பார்க்க. பழைய கண்ணாடி கீறல் விழுந்துவிட்டது, வண்டி ஓட்டுகிறவன் ஒழுங்காகப் பார்த்துப் போட வேண்டாமா என்று இவள்தான் இழுத்து வந்தாள். இருட்டு அறை, நாடியை வைத்தான், லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இது தெளிவா?" என்றாள். "ரெண்டும் ஒண்ணாட்டத்தான் இருக்குது" என்றான். மறுபடி மாற்றினாள். "இப்ப?" "ரெண்டுமே நல்லாருக்குது." "ஏனுங், ஏதாவது ஒண்ணு சொல்லோணும்." "நீ எது சொல்றயோ அது." எரிச்சலில் குனிந்து, அவன் கண்ணைப் பக்கத்தில் பார்த்தாள். அத்தனை பக்கத்தில் எத்தனையோ கண்களைப் பார்த்திருக்கிறாள், கிழவர் கண், குழந்தை கண், புரை விழுந்த கண், எல்லாம் கண். இது சம்பத்தின் கண்ணாக இருந்தது. வாயில் ஏலக்காய் வாசனை. இவள் கையிலிருந்த லென்ஸ் நழுவிக் கீழே விழுந்தது, குனிந்து எடுக்கும்போது ரெண்டு தலையும் முட்டிக்கொண்டன, "கொம்பு மொளைக்கும், இன்னொருக்கா முட்டு" என்றான், சின்னப் பிள்ளை மாதிரி. முட்டினாள். மெதுவாகத்தான். அன்றைக்கு எழுதிக்கொடுத்த பவர் சரியா தப்பா என்று இன்றைக்கும் அவளுக்குச் சந்தேகம். ரோட்டில் தூரத்தில் வருவதைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்க்கிறான்.

"மாமா, அந்தப் புது அத்தை கார் ஓட்டுவாங்களா?" நித்தி.

"தெரியல சாமி, கேக்கலாம்."

"ஓட்டத் தெரியலைன்னா நீங்க சொல்லிக் குடுப்பீங்களா?"

"கேட்டாச் சொல்லிக் குடுக்கறேன்."

சொல்லிக் கொடுப்பானாம். கிளட்சை விடு, மெதுவா விடு, வண்டி உன்கிட்டப் பேசும் பாரு, அப்ப விடு என்று அவளிடமும் சொல்வானாம். அந்த ஊர்க்கடைசி மைதானத்துக்குக் கூட்டிப்போவானாம், நடுவில் நிறுத்திக் கரும்புச்சாறு வாங்கித் தருவானாம். புருசன் காலம் முழுக்க உனக்கு ஒண்ணும் வராது, உனக்கு ஒண்ணும் வராது என்று சொன்ன பிறகு, இந்த ஒருத்தன்தான் உனக்கு வரும் என்று சொன்னான். அதை இன்னொருத்தியிடமும் சொல்வானா? சொல்லட்டுமே, அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள். இதோ, கிணத்துக்கடவு வந்துவிட்டது, மலைமேல் கோயில் கோபுரம் தெரிகிறது, முருகா, ஒத்தக்கால்மண்டபம் எப்போது போனது? அந்த கிருத்திகா இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள்? குளித்து, தலை காயவைத்து, சேலை மடிப்பை யாரோ பிடித்துவிட்டு, பின் குத்தி, நெஞ்சு அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சுகந்தியும் உட்கார்ந்தவள்தானே. காப்பித் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்கட்டுக்கு வந்தபோது கப்பெல்லாம் கடகடவென்று ஆடியது, அன்றைக்கு வந்தவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான், அப்போதே எழுந்து உள்ளே போயிருக்க வேண்டும். அந்த வீட்டுப் படி ஏறின பிறகு சொன்னால் அது பெரிய பாவம். ஒரு பெண்ணை ஊர் முன்னால் உட்கார வைத்துவிட்டு, நாங்க வேற முடிவு பண்ணீட்டோம் என்று எழுந்து வருவதா? அதற்குச் சொல்லாமலே சாகலாம். சொல்வதென்றால் படி ஏறுவதற்குள், ரோட்டில், இங்கேயே. இல்லையென்றால் இந்த ஜென்மத்தில் இல்லை.

இல்லையென்றால் என்ன ஆகும்? இல்லையென்றால் இணைச்சீர். நேற்று அதையும் சாந்தாமணியம்மா சொல்லிவிட்டார், முருங்கைக்கீரை உருவிக்கொண்டே. "எனக்குத்தான் பொண்ணு இல்லாமப் போச்சு. இணைச்சீருக்கு நீதான் கண்ணு உக்காரோணும்." மணவறையில் மாப்பிள்ளையும் அவன் கூடப்பிறந்தவளும் சேர்ந்து உட்கார்ந்து, ஒரே புடவையின் இந்த நுனியை அவனும் அந்த நுனியை அவளும் பிடித்து, இவள்தான் இவனுக்குச் சகோதரி என்று சாமிக்கும் சனத்துக்கும் காட்டுகிற சீர். புருசனோடு வாழ்கிறவளாகப் பார்த்துத்தான் உட்கார வைப்பார்கள். "நான் உக்காரலாமுங்களா அத்தனை பேரு முன்னால, பேசுவாங்களேங்க" என்றாள் சுகந்தி. "எவ பேசறா? பேசறவ என்ற கிட்ட வந்து பேசட்டும். நீதான் உக்காருவ" என்று அந்த அம்மா முறத்தைத் தட்டினார் பாருங்கள், அந்த நேரத்தில் சுகந்திக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. சந்தோஷத்தில் என்று அம்மா நினைத்தார். பாதி சந்தோஷம்தான். எந்தச் சொந்தக்காரரும் கொடுக்காத இடத்தை இந்த மனுஷி கொடுக்கிறார், அந்த இடமா அவளுக்கு வேண்டும்? அதற்குப் பக்கத்து இடம், ஒரு சாண் தள்ளி. கேட்டால் இதுவும் போய்விடும். அதுதான் பயம், வேறென்ன. அவன் முகத்தைச் சுளித்துவிட்டால்? சிரித்துவிட்டால்? லூஸா நீ, நான் தங்கச்சி மாதிரியில்ல நெனச்சுட்டு இருக்கேன் என்றுவிட்டால்? மாடியைக் காலி செய்ய வேண்டும். நித்தி பள்ளிக்கூடத்து வாசலில் மாமாவைத் தேடும். அம்மை போட்டிருந்தபோது கதவுக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து மணிக்கணக்கில் விடுகதை போட்ட மாமாவை எங்கே என்று கேட்கும். தனக்கு ஒரு ஆசை என்பதற்காகக் குழந்தையின் ஆளைத் தொலைக்கலாமா? தனியாகப் பிள்ளை வளர்ப்பதில் இதுதான் பெரிய கொடுமை, நெஞ்சு என்று ஒன்று தனக்கென்று அடித்துக்கொள்ளக்கூட முடிவதில்லை, அதற்கும் பிள்ளையிடம் கணக்குச் சொல்ல வேண்டும். ஆனால் சொல்லாவிட்டாலும் மாமா போகத்தானே போகிறான்? கிருத்திகாவுக்குக் குழந்தை பிறக்கும், பள்ளிக்கூட வாசலில் நிற்க அவனுக்கு நேரமிருக்காது, சாம்பார்ப் பாத்திரம் மாடி ஏறாது. சொன்னாலும் போவான், சொல்லாவிட்டாலும் போவான் என்றால் சொல்லிவிட்டே போகட்டுமே! ஆ, இது நல்ல யோசனை. இதை ஏன் காலையிலேயே யோசிக்கவில்லை? வாயைத் திறந்தாள். பின்னால் போன் அடித்தது.

"ஆமாங், வந்துட்டே இருக்கறமுங். கோயில்பாளையம் தாண்டீட்டமுங். எமகண்டத்துக்கு முன்னாலயே வந்துருவமுங்" என்றார் சாந்தாமணியம்மா பெண் வீட்டாரிடம். கோயில்பாளையம் தாண்டிவிட்டதா? கை கால் எல்லாம் தானாக ஓட்டுகிறது, அவள் ஓட்டவே இல்லை. சாலை இருபுறமும் தென்னந்தோப்பு, நிழலும் வெயிலும் மாறி மாறிக் கண்ணில் அடிக்கிறது. வேகத்தைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனை அமுக்கிப் பிடித்துத் திட்டிக்கொண்டே தாண்டிப் போனான். "என்ன இத்தனை மெதுவாப் போற?" என்றான் சம்பத். பிரேக்கை மிதிக்கிறவன், மெதுவாகப் போனால் கேட்கிறான்! இவனுக்கு என்னதான் வேண்டும்? பளாரென்று ஒன்று விட்டால் என்ன?

ஆச்சிப்பட்டியில் சாந்தாமணியம்மா, "நிறுத்து நிறுத்து, பூவு வாங்கல" என்றார். ஊரிலேயே வாங்கினால் வாடிவிடுமென்று விட்டு வந்திருந்தார். ஓரம் கட்டினாள். அம்மா இறங்கினார், பூவென்றதும் நித்தியும் தொத்திக்கொண்டு இறங்கியது. கதவு சாத்திக்கொண்டது. வண்டிக்குள் ரெண்டே பேர். அணைக்காத இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருக்கிறது. ரோட்டுக்கு அந்தப் பக்கம், பூக்காரி முழம் போட ஆரம்பித்துவிட்டாள். அவள் முழம் போட்டு முடிப்பதற்குள். கடவுளே, கைமுழம் இத்தனை சீக்கிரமாகவா போடுவார்கள்? சுகந்தி தொண்டையைக் கனைத்தாள். "பூவு நல்லாருக்கும் இங்க" என்றாள். நாசமாய்ப் போக. பூவா இப்போது பேச்சு? "ம்" என்றான் அவன். பிறகு வந்தது, அழுகையும் கோபமும் ஒன்றாக, தயார் செய்திருந்த எந்த வார்த்தையும் இல்லாமல்.

"நான் இணைச்சீருக்கு உக்கார மாட்டேன்."

சம்பத் திரும்பினான். "ஏன், அம்மா ஏதாச்சும் சொன்னாங்களா?"

"உங்கம்மா தங்கமாத்தான் இருக்காங்க. நான்தான் உக்கார மாட்டேன். எனக்கு உங்களை அப்படி நெனைக்க முடியல. ரொம்ப நாளா முடியல. கோயில்ல கை நீட்டி உங்களைக் காட்டுனது நாந்தான், பொண்ணு நல்லாருக்குதுன்னு சொன்னதும் நாந்தான், எல்லாம் என்ற தப்புத்தான், இருக்கட்டும். எனக்கு உங்களைப் புடிச்சிருக்குது. தங்கச்சிக்குப் புடிக்கிற மாதிரி இல்ல. புரியுதுங்களா, இல்ல அதுவும் ரெண்டும் ஒண்ணாட்டந்தான் இருக்குதா?"

அவன் கையை நீட்டி இண்டிகேட்டரை அணைத்தான். கண்ணாடியைக் கழற்றி மஞ்சள் கோட்டுச் சட்டையில் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். வாயைத் திறடா பாவி. முடிந்தது, மாடி காலி, எல்லாம் காலி என்று அவள் ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்தபோது அவன் குரல் வந்தது, யாருடைய குரலோ மாதிரி கரகரவென்று.

"நித்திகிட்ட என்னன்னு சொல்றது?"

"என்னது?"

"அவ என்னைய மாமான்னுதான் கூப்புடுவா. இனிமே மாத்திக் கூப்புடுன்னு புள்ளையப் போட்டு நச்சரிக்கக் கூடாது. இப்பவே சொல்லீட்டேன்."

சுகந்தி தலையை நிமிர்த்தினாள். சிரிக்கிறானா என்று பார்த்தாள். சிரிக்கவில்லை, கண் ரெண்டும் சிவந்து, காது மடல்வரை சிவந்து, உண்மையாகவே அந்தக் கவலையில் உட்கார்ந்திருந்தான். "இத்தனை நாளா என்ன பண்ணீட்டு இருந்தீங்க? எதுக்கு இத்தனை தூரம் வந்தீங்க?" என்று கத்தினாள்.

"நீதான ஓட்டீட்டு வந்த" என்று அவனும் கத்தினான். "எங்காச்சும் நிறுத்துவயான்னு பாத்துட்டே வந்தேன். பயமா இருந்துச்சு போ. மாடியக் காலி பண்ணீட்டுப் போயிருவயோன்னு." கதவைத் திறந்தான். "நீ இரு. அம்மாகிட்ட நான் சொல்றேன்."

ரோட்டைத் தாண்டிப் போனான், ரெண்டு பக்கமும் பார்க்காமல், டிரைவிங் ஸ்கூல்காரன். கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை. அவன் குனிந்து ஏதோ சொன்னான். அம்மாவின் கை பூக்காரியிடம் நீட்டினபடி நின்றது. அம்மா கேட்டார், அவன் சொன்னான், அம்மா மறுபடி கேட்டார். பூக்காரி வேலையை விட்டுவிட்டு வாய் பார்த்தாள். நித்தி ஒவ்வொரு முகமாக அண்ணாந்து பார்த்தது, பிறகு மாமாவின் விரலைப் பிடித்துக்கொண்டது. அம்மா காரைப் பார்த்தார். சுகந்திக்கு ஓடிவிடலாமா என்றிருந்தது, சாவி வண்டியில்தான் இருக்கிறது, கிளம்பினால் கேரளா வரைக்கும் ரோடு. அம்மா தனியாக ரோட்டைத் தாண்டி வந்தார், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வெயிலில் முகம் கறுத்து. ஜன்னல் கண்ணாடியைத் தட்டினார். இறக்கினாள்.

"சாமி முன்னால மடியில உக்கார வெச்சயே, அப்ப எங்க போச்சு புத்தி?"

"தப்புத்தானுங்."

"நேத்து அத்தனை கீரை உருவுனமே, அப்ப வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

"உங்களுக்கு மனசு கஷ்டமாயிரும்னு..."

"இப்ப மட்டும் குளுகுளுன்னா இருக்குது?" சாந்தாமணியம்மாவுக்கு மூச்சு வாங்கியது. கண்ணைத் துடைத்தாரா, வேர்வையைத் துடைத்தாரா தெரியவில்லை. "இனி இணைச்சீருக்கு நான் எவளைப் போயித் தேடறது? என்ற கொழுந்தன் மக இருக்கறா, பத்துப் பவுன் போட்டாத்தான் வந்து உக்காருவா." கையிலிருந்த இலைப் பொட்டலத்தை ஜன்னல் வழியாக அவள் மடியில் போட்டார். "அளந்த பூவத் திருப்பி எடுக்க மாட்டாளாம். வெச்சுத் தொலை." சுகந்தி எதுவும் சொல்லுமுன் அவர் போனை எடுத்து, எண்ணை அமுக்கி, அடிக்க ஆரம்பித்த போனை நீட்டினார். "அந்தப் புள்ள சீவிச் சிங்காரிச்சு உக்காந்திருக்கும். எனக்குப் பேச மொகமில்ல. நீதான கெடுத்த, நீயே சொல்லு."

போன் மடியில் பூவுக்கு மேல் வைத்த கையில் அதிர்ந்தது. ரோட்டின் அந்தப் பக்கம் சம்பத் நித்தியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இங்கேயே பார்த்துக்கொண்டு நின்றான். போனைக் காதில் வைத்தாள். ஒரு ஆண் குரல், பெண்ணின் அப்பாவாக இருக்க வேண்டும், பின்னால் பாத்திரச் சத்தம், ஆட்கள் சிரிக்கிற சத்தம். "வாங்க வாங்க, வந்துட்டீங்களாங்? பஜ்ஜிக்கு எண்ணெ காய வெச்சாச்சுங்."

"ஐயா, எங்களை மன்னிச்சுக்கோணும். நாங்க வரலீங்க. உங்க பொண்ணு மேல ஒரு கொறையும் இல்லீங்க, போட்டோவுல பாத்தேன், நல்ல பொண்ணுங்க. தப்பு எங்க மேலதானுங்க. முன்னாடியே சொல்லாம விட்டுட்டோம்."

அங்கே சிரிப்புச் சத்தம் நின்றது. பாத்திரச் சத்தமும் நின்றது. "என்னங்க இது, பாதி வழியில வந்துட்டு? யாருங்க பேசறது நீங்க? மாப்பிள்ளைக்குத் தங்கச்சிங்களா?"

சுகந்தி ஜன்னலுக்கு வெளியே நின்ற சாந்தாமணியம்மாவைப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"இல்லீங்க" என்றாள். "அவரைக் கட்டிக்கப் போறவ பேசறனுங்க."